வில்லுக்கேற்ற அம்பு

மேசையின்மேல் இரண்டு அம்புகள் கிடக்கின்றன. இரண்டும் கரிய நிறம், ஒரே நீளம், பார்வைக்கு ஒரே பருமன். ஒன்றின் தண்டில் 340 என்றும், மற்றொன்றின் தண்டில் 500 என்றும் எண் பொறித்திருக்கிறது. "இவற்றுள் நல்ல அம்பு எது?" என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? பெரிய எண் உள்ளதே வலியது என்று சொல்லத் தோன்றும். அது தவறு. விலை மிகுந்ததே சிறந்தது என்று சொல்லத் தோன்றும். அதுவும் தவறு. "எந்த வில்லுக்கு?" என்று திருப்பிக் கேட்பதே சரியான விடை.

இக்கட்டுரையில் நாம் ஆராயப்போவது அந்த ஒரு கேள்வியைத்தான். அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்பவன் தன் காம்பவுண்டு வில்லுக்கு ஏற்ற கார்பன் அம்பை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறான்? நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பின்னர் வந்த திருத்தங்களும் வேட்டையைத் தடை செய்துவிட்டன. ஆகவே, இது வேட்டைக்குச் செல்வோருக்கான பாடம் அன்று. ஆனால், அதே வகை வில்லை ஏந்தித்தான் 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய வீரர்கள் காம்பவுண்டுப் பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் வென்றனர். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளிலும் அவ்வில் இடம் பெறுகிறது. அதைக் கையில் எடுக்கும் மாணவர் எவரும், எடுக்காவிட்டாலும் இயக்கவியல் படிக்கும் மாணவர் எவரும், அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இதில் உள்ளன.

1. வில்லின் இயல்பு

காம்பவுண்டு வில்லை உருவாக்கியவர் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர். 1966இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1969இல் வழங்கப்பட்டது. வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய சக்கரங்களைப் பொருத்தி, நாணையும் வடங்களையும் அவற்றின்மேல் ஓடவிட்டார். இதைக் கப்பி வில் என்றால் நமக்கு எளிதில் விளங்கும்.

சாதாரண வில்லை இழுக்க இழுக்க விசை கூடிக்கொண்டே போகும். முழுதும் இழுத்து நிற்கும்போதுதான் கை மிகுதியாக நடுங்கும். காம்பவுண்டு வில்லில் அவ்வாறன்று. இழுக்கத் தொடங்கியதும் விசை விரைவில் உச்சத்தை அடைகிறது. நெடுந்தூரம் அங்கேயே நிற்கிறது. இறுதியில் சக்கரங்கள் திரும்பியதும் சட்டென்று தளர்கிறது. 70 பவுண்டு வில்லின் தளர்வு நூற்றுக்கு 80 என்று வைத்துக்கொண்டால், முழுதும் இழுத்தபின் கை தாங்க வேண்டியது 14 பவுண்டு மட்டுமே. அமைதியாகக் குறி பார்க்கலாம்.

ஆனால், கைக்குக் குறைந்ததே தவிர வில்லுக்குள் சேர்ந்த ஆற்றல் குறையவில்லை என்பதை மறக்கக் கூடாது. விசைக்கும் இழுத்த தொலைவுக்கும் வரைபடம் வரைந்தால், கோட்டின் கீழுள்ள பரப்பே வில்லில் சேர்ந்த ஆற்றல். விசை உச்சத்திலேயே நெடுந்தூரம் நிற்பதால் அப்பரப்பு பெரிது. நாணை விட்டதும் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டியது பென்சில் பருமனுள்ள ஒரு தண்டு. அத்தண்டு பொருத்தமில்லாததாக இருந்தால் என்ன ஆகும் என்பதே நம் பாடம்.

2. விறைப்பு

ஓர் அளவுகோலை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஓரளவுக்கு மேல் அழுத்தினால் அது பக்கவாட்டில் வளையும். அம்புக்கும் இதே நிலைதான். பின்னால் நாண் தள்ளுகிறது. முன்னால் கனமான முனை நகர மறுக்கிறது. இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட தண்டு வளைகிறது. பிறகு மீன் நீந்துவதுபோல் இப்படியும் அப்படியும் நெளிந்துகொண்டே பறந்து, சிறிது தூரம் சென்றதும் அடங்குகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியல் அறிஞர் அதிவேகப் படக்கருவியைக் கொண்டு இந்த நெளிவைப் படம் பிடித்துக் காட்டினார்.

நெளிவு இல்லாத அம்பு கிடையாது. அது அளவோடு இருக்க வேண்டும் என்பதே தேவை. அதை அளக்க ஒரு முறை உண்டு. 28 அங்குல இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளின்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுகிறார்கள். தண்டு எவ்வளவு தாழ்கிறது என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுகிறார்கள். அரை அங்குலம் தாழ்ந்தால் 500, 0.340 அங்குலம் தாழ்ந்தால் 340. இதை ஆங்கிலத்தில் ஸ்பைன் என்பர். நாம் வளைவு எண் என்று வைத்துக்கொள்வோம். எண் பெரிதானால் வளைவு மிகுதி, விறைப்புக் குறைவு. முதலில் கண்ட இரண்டு அம்புகளுள் 340 என்பதே விறைப்பானது. புதிதாக வாங்குவோர் பலர் இடறி விழும் முதல் இடம் இது.

தாங்கியில் அசையாமல் கிடக்கும்போது அளந்த எண் அது. வில்லிலிருந்து புறப்படும்போது அதே தண்டு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை வேறு மூன்று செய்திகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, வில்லின் விசை. விசை மிகுந்தால் தண்டு மிகுதியாக வளையும். இரண்டாவது, அம்பின் நீளம். நெடுங்கம்பம் குறுங்கம்பத்தைவிட எளிதில் வளையும். தண்டை ஓர் அங்குலம் குறைத்து வெட்டினாலே அது விறைப்பானதுபோல் நடக்கும். மூன்றாவது, முனையின் எடை. முன்னால் பாரம் கூடினால் அது நகர மேலும் மறுக்கும். தண்டு மேலும் வளையும்.

28 அங்குல அம்பும் 100 கிரெயின் முனையும் என்று வைத்துக்கொண்டால், 50 பவுண்டு வில்லுக்குச் சுமார் 500, 60 பவுண்டுக்குச் சுமார் 400, 70 பவுண்டுக்குச் சுமார் 340 என்பது வழக்கிலுள்ள கணக்கு. கிரெயின் என்பது 7,000 சேர்ந்தால் ஒரு பவுண்டு ஆகும் சிறிய எடை. இக்கணக்கு ஒரு தொடக்கமே. அம்பு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் தண்டுகளுக்கென அட்டவணை வெளியிடுகிறது. சக்கரத்தின் வகையையும் சேர்த்துப் பார்த்து அதன்படியே முடிவு செய்ய வேண்டும். இரண்டு எண்களுக்கு இடையில் ஐயம் வந்தால், காம்பவுண்டு வில்லுக்கு விறைப்பான பக்கம் சாய்வதே பாதுகாப்பு.

3. எடை

விறைப்பை முதலில் முடித்துக்கொண்டு எடைக்கு வருவோம். இங்கேதான் ஆசை அறிவை வெல்கிறது. அம்பு இலேசாக இருந்தால் வேகமாகப் பறக்கும். விற்பனைத் தாள்களில் பெரிய எழுத்தில் அச்சாவதும் வேகமே. ஆகவே, இலேசான அம்பே மேலானது என்று பலர் எண்ணுகிறார்கள்.

ஒரே வில்லில் இரண்டு அம்புகளை எய்வதாகக் கொள்வோம். ஒன்றின் எடை 350 கிரெயின், அதாவது சுமார் 22.7 கிராம், வேகம் விநாடிக்கு 300 அடி. மற்றொன்று 450 கிரெயின், சுமார் 29.2 கிராம், வேகம் விநாடிக்கு 270 அடி. கணக்கிட்டுப் பார்த்தால், இலேசான அம்பின் இயக்க ஆற்றல் சுமார் 95 ஜூல். கனமானதற்குச் சுமார் 99 ஜூல். வேகம் குறைந்தும் ஆற்றல் குறையவில்லை, சற்றே கூடியிருக்கிறது. வில்லின் ஆற்றலைக் கனமான அம்பு நன்றாக வாங்கிக்கொண்டது என்பது பொருள். உந்தத்தைக் கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். இலேசானதற்கு 2.07, கனமானதற்கு 2.40 கிலோகிராம் மீட்டர்/விநாடி. நூற்றுக்குப் பதினாறு மிகுதி.

வேட்டையில் இதன் பொருள் என்ன? துப்பாக்கிக் குண்டைப்போல் அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை. கூரிய அலகு நுரையீரலையோ இதயத்தையோ அறுத்துச் செல்ல வேண்டும். தோலையும் தசையையும் விலாவையும் கடந்து, நிற்காமல் செல்லும் திறனே தேவை. அதற்குத் துணை நிற்பது உந்தம். பாதியில் நின்ற அம்போடு ஓடும் மான் பல நாள் துன்புற்றுச் சாகும். உயிரை எடுக்கத் துணிந்தவனுக்கு அவ்வுயிரை நொடியில் எடுக்கும் கடமையாவது உண்டு. வேட்டையை வெறுப்பவரும் இதை மறுக்கமாட்டார்.

"மான் விலகி ஓடுமுன் அம்பு சேர வேண்டாமா? அதற்கு வேகம்தானே வேண்டும்?" என்று கேட்கலாம். இதையும் கணக்கிடுவோம். 30 கஜம் என்பது சுமார் 27.4 மீட்டர். வேகமான அம்புக்கு அத்தூரம் செல்ல 0.30 விநாடி; மெதுவானதற்கு 0.33 விநாடி. நாணின் ஓசைக்கோ 0.08 விநாடியே போதும். எந்த அம்பானாலும் ஓசையே முந்தி மானின் காதில் விழும். ஓசை கேட்ட மான் பாய்ந்தோடுவதற்காகச் சட்டென்று உடலைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்குமேல் போய்விடும். வேகத்தைக் கூட்டிப் பெற்ற 0.03 விநாடியால் இந்தப் பந்தயத்தில் வெல்ல முடியாது. ஓசையைக் குறைப்பதே வழி. கனமான அம்பு வில்லின் ஆற்றலை மிகுதியாக எடுத்துச் செல்வதால் வில்லில் அதிர்வும் ஓசையும் குறைகின்றன.

வேகத்தால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. அதே 30 கஜத்தில் வேகமான அம்பு சுமார் 44 சென்டிமீட்டர் தாழ்கிறது. மெதுவானது 54 சென்டிமீட்டர். தூரத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடுபவனுக்கு அந்தப் பத்து சென்டிமீட்டர் உதவும். ஆனால், குறிகாட்டியைச் சரியாக அமைத்து, தூரத்தைக் கருவியால் அளந்து எய்பவனுக்கு அது பெரிதன்று.

இலேசான அம்பால் வரும் பெருந்தீங்கு ஒன்று உண்டு. அம்பு வாங்கிக்கொள்ளாத ஆற்றல் எங்கும் மறைந்துவிடுவதில்லை. அது வில்லின் கைகளிலும் சக்கரங்களிலும் வடங்களிலும் தங்கி அவற்றை உலுக்குகிறது. அம்பே இல்லாமல் நாணை விட்டால் வில் உடையக்கூடும் என்பதை வில் பயிலும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலேயே சொல்லிக் கொடுப்பர். மிக இலேசான அம்பு என்பது அம்பில்லாமல் எய்வதற்கு அடுத்த படி. ஆகவே, வில்லின் உச்ச விசையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயினுக்குக் குறையக் கூடாது என்று எல்லை வகுத்திருக்கிறார்கள். 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெயின். 70 பவுண்டுக்கு 350. இது கீழெல்லைதான். வேட்டைக்குப் பவுண்டுக்கு 6 முதல் 8 கிரெயின் வரை கொள்வது வழக்கம்.

4. நீளமும் முன்பாரமும்

அம்பின் நீளத்தை வில்லாளியின் இழுநீளம் தீர்மானிக்கிறது. முழுதும் இழுத்த நிலையில் தண்டின் முன்முனை அம்புத்தாங்கிக்கு முன்னால் நிற்க வேண்டும். தாங்கியைவிட்டுப் பின்னால் வந்துவிடவே கூடாது. சவரக் கத்திபோல் கூரான வேட்டை அலகு பொருத்திய அம்பானால், அது வில்லைப் பிடித்த கைவிரலுக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சற்று நீளமாக வாங்கி, பயிற்சியில் இழுநீளம் நிலைத்தபின் வெட்டிக்கொள்வது நலம். குறைத்ததைக் கூட்ட முடியாது.

முன்பாரம் என்பது அம்பின் எடை நடுவிலிருந்து எவ்வளவு முன்தள்ளியிருக்கிறது என்பது. அம்பை விரல்மேல் கிடத்திச் சமநிலைப் புள்ளியைக் காணுங்கள். நாணைக் கவ்வும் பிளவிலிருந்து அப்புள்ளிவரை அளந்து, அதிலிருந்து அம்பின் பாதி நீளத்தைக் கழித்து, மீதியை முழு நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 28 அங்குல அம்பு 17½ அங்குலத்தில் சமநிலை கொண்டால், மீதி 3½. முன்பாரம் நூற்றுக்கு 12½. வேட்டை அம்புக்கு 10 முதல் 15 வரை தகும். தலை கனத்த அம்பு நேரே செல்லும். வால் கனத்தது தடுமாறும்.

5. கார்பனின் குணம்

முன்பு அம்புகள் மரத்தால் ஆயின. 1939இல் அமெரிக்காவில் டக் ஈஸ்டன் அலுமினிய அம்புகளைச் செய்யத் தொடங்கினார். 1980களில் கார்பன் இழைத் தண்டுகள் பரவின. நுண்ணிய கரியிழைகளைப் பிசினில் தோய்த்துக் குழாயாக உருட்டி இறுகச் செய்தவை இவை. எடை குறைவு, விறைப்பு மிகுதி.

அலுமினியத் தண்டு அடிபட்டால் வளையும். வளைந்ததைக் கண் காணும். கார்பன் தண்டு வளைந்தபடி நிற்பதில்லை. நேராக இருக்கும், அல்லது உடையும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே ஆபத்தானது. கல்லில் பட்டோ, மற்றோர் அம்பு மோதியோ, இழைகள் உள்ளே விரிந்திருக்கும். வெளியே மயிரிழைக் கீறல்கூடத் தெரியாது. அத்தகைய அம்பை எய்தால், நாண் தள்ளும் நொடியிலேயே தண்டு நொறுங்கி, அதன் கூரிய சிம்புகள் வில்லைப் பிடித்த கையில் பாயக்கூடும். கார்பன் இழை எக்ஸ்-ரே படத்தில் எளிதில் தெரிவதில்லை. ஆகையால் சிம்புகளைத் தேடி எடுப்பது மருத்துவருக்கும் கடினம்.

இதைத் தடுக்க ஒரு நிமிடம் போதும். எய்வதற்கு முன் ஒவ்வோர் அம்பையும் இரு கைகளாலும் பிடித்து, உடலைவிட்டு விலக்கி, மெல்ல வளைத்துப் பாருங்கள். சற்றே திருப்பி மீண்டும் வளையுங்கள். சுற்றிலும் இவ்வாறு செய்தபின் இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்குங்கள். நொறுநொறுவென்று ஓசை கேட்டாலோ, பொருக்கு எழுந்தாலோ, அந்த அம்பை முறித்து எறிந்துவிடுங்கள். முறிக்காமல் மூலையில் வைத்தால் மற்றொருவர் எடுத்து எய்துவிடுவார். கார்பன் தண்டை வெட்டுவதற்கும் அதிவேகத் தேய்சக்கரமே வேண்டும். சாதாரண ரம்பம் இழைகளைப் பிய்த்துவிடும். வெட்டும்போது எழும் தூள் மூச்சில் புகாதபடி மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

தண்டுகளின் நேர்மையை 0.001, 0.003, 0.006 அங்குலம் எனத் தரம் பிரித்து விற்கிறார்கள். எண் சிறிதானால் விலை பெரிது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு நடுத்தரமானது போதும். ஒரு டஜன் அம்புகளும் எடையிலும் விறைப்பிலும் ஒத்திருக்கின்றனவா என்பதே முதன்மை.

6. ஓர் எடுத்துக்காட்டு

வில் 60 பவுண்டு. இழுநீளத்துக்கு ஏற்ப அம்பு 28 அங்குலம். முனை 100 கிரெயின். அட்டவணை காட்டும் வளைவு எண் 400. அத்தண்டு அங்குலத்துக்கு 8½ கிரெயின் எடை என்று கொள்வோம். தண்டு 238, முனை 100, முனையைத் திருகும் உலோகச் செருகி 20, பின்முனைப் பிளவு 10, மூன்று இறகுகள் 21. ஆகமொத்தம் 389 கிரெயின். 60ஆல் வகுத்தால் பவுண்டுக்குச் சுமார் 6½ வருகிறது. கீழெல்லைக்கு மேலே, வேட்டைக்கு ஏற்ற அளவிலே, அமைந்துவிட்டது. முன்பாரமும் சுமார் 12 வரும்.

இப்போது, "முன்பாரம் கூடட்டும்" என்று முனையை மட்டும் 125 கிரெயினாக மாற்றுகிறோம். மொத்தம் 414 ஆகிறது, நல்லதுதான். ஆனால், முன்னால் பாரம் கூடியதால் அதே 400 தண்டு இப்போது மிகுதியாக வளையும். அதைவிட விறைப்பான தண்டைத் தேட வேண்டி வரலாம். ஒன்றைத் தொட்டால் மற்றவை அனைத்தையும் திரும்பக் கணக்கிட வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கணக்கு முடிந்தபின் சோதனை. ஒரு சட்டத்தில் தாளை இறுகக் கட்டி, சில அடி தூரத்திலிருந்து அதனூடே எய்து பார்ப்பார்கள். முனை துளைத்த ஓட்டையும் இறகுகள் கிழித்த தடமும் ஒரே இடத்தில் இருந்தால் அம்பு நேரே செல்கிறது. ஒரு பக்கம் நீண்ட கிழிசல் இருந்தால், விறைப்பிலோ தாங்கியின் அமைப்பிலோ விடும் கையிலோ குறை உண்டு. இறுதியாக, பயிற்சி முனையில் குறி தப்பாத அம்பு வேட்டை அலகு பொருத்தியதும் விலகிச் செல்வதுண்டு. அலகின் தகடுகள் முன்னால் முளைத்த இறக்கைகளைப்போல் காற்றைப் பிடிப்பதே காரணம். எனவே, எதைக் கொண்டு வேட்டைக்குப் போகிறானோ அதையே கொண்டு எய்து பார்க்காமல் வேட்டைக்காரன் காட்டுக்குள் போகக் கூடாது.

நண்பர்களே, வரிசையை நினைவில் வையுங்கள். முதலில் வில்லின் விசையும் இழுநீளமும், பிறகு அம்பின் நீளம், பிறகு முனையின் எடை, இவற்றுக்கேற்ற விறைப்பு, அதன்பின் மொத்த எடை, இறுதியில் சோதனை. வேகம் இப்பட்டியலில் இல்லை. மற்றவை பொருந்தினால் தகுந்த வேகம் தானே வரும். மற்றவற்றைப் புறக்கணித்து வேகத்தைத் தேடினால் கைக்கும் கேடு, வில்லுக்கும் கேடு. வேட்டையானால் எதிரே நிற்கும் வாயில்லா உயிருக்கும் கேடு. இனி எவரேனும் இரண்டு அம்புகளைக் காட்டி எது நல்லது என்று கேட்டால், நாம் முதலில் வில்லைப் பார்ப்போம்.